தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த ஸ்பீட்ஸ்டர்: அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1911 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகரத்துச் சாலைகளில் அந்நாட்டின் பெரிய மோட்டார் பந்தயங்களில் ஒன்று நடந்தது. டேவிட் புரூஸ்-பிரவுன் என்ற இளைஞர் ஓட்டிய ஃபியட் எஸ்-74 வென்றது. அந்தக் காரில் நான்கே சிலிண்டர்கள். ஆனால் அவற்றின் மொத்தக் கொள்ளளவு 14.1 லிட்டர். எஞ்சினின் விசை இரண்டு தடித்த சங்கிலிகள் வழியாகப் பின்சக்கரங்களுக்குப் போனது. 660 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை, மணிக்கு ஏறத்தாழ 120 கி.மீ. சராசரி வேகத்தில் அது ஓடி முடித்தது.

அதே ஆண்டில் அதே சவானாவின் தீயணைப்புப் படை குதிரைகளுக்கு விடை கொடுத்துவிட்டு மோட்டார் வண்டிகளுக்கு மாறியது. நாட்டிலேயே முழுக்க மோட்டார்மயமான முதல் தீயணைப்புப் படை எங்களுடையதுதான் என்று அந்த நகரம் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. வண்டிகள் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் இருந்த அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் ஆலையிலிருந்து வந்தவை. அவற்றிலும் பெரிய பெரிய சிலிண்டர்கள், பித்தளை விளக்குகள், இருபுறமும் சங்கிலி. பந்தயத் திடலில் நின்றதும் தீயணைப்பு நிலையத்தில் நின்றதும் ஒரே தலைமுறை இயந்திரங்கள்.

இந்த உறவுதான் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு விசித்திரமான ஒரு வடிவம் எடுத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய கார்கள் கூடும் இடங்களில் இன்று ஸ்பீட்ஸ்டர் எனப்படும் ஒரு வகை வண்டியைப் பார்க்கலாம். ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் எழும் ரேடியேட்டர், முடிவே இல்லாததுபோல் நீளும் பானெட், கதவில்லாத இரண்டு இருக்கைகள், அவற்றின் முதுகில் கிடைமட்டமாகக் கட்டிய உருளை வடிவப் பெட்ரோல் தொட்டி, ஸ்டீயரிங் தண்டில் பொருத்திய வட்டக் கண்ணாடி. பார்ப்பவர்கள் இது 1912-ஆம் ஆண்டின் பந்தயக் கார் என்றே எண்ணுவார்கள். அருகில் போய்ப் பெயரைப் படித்தால் அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் என்று இருக்கும். ஏணியையும் குழாயையும் சுமந்து ஏதோ ஒரு சிற்றூரின் தீயணைப்பு நிலையத்தில் முப்பது நாற்பது ஆண்டுகள் காத்திருந்த வண்டி அது.

இந்த உருமாற்றம் எப்படி நிகழ்கிறது, அதில் எது கிடைக்கிறது, எது போகிறது என்பதே இந்த ஆய்வின் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்களில் நம்மை மயக்கும் ஒவ்வொரு குணமும் தீயணைப்புப் பணிக்காகவே உண்டாக்கப்பட்டது. அந்தப் பிறப்பைச் சொல்லாமல் இவற்றை வெறும் பந்தயக் கார்களாகக் காட்டும்போது வண்டியின் பாதி மதிப்பைத் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

எல்மைராவில் செய்தது என்ன

ட்ரக்சன் லாஃப்ரான்ஸ் 1873-இல் எல்மைராவில் நீராவித் தீயணைப்பு எஞ்சின் தொழிலைத் தொடங்கினார். பல நிறுவனங்கள் இணைந்து, பிரிந்து, மீண்டும் சேர்ந்து 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் என்ற பெயர் நிலைத்தது. 1910-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெனாக்ஸ் என்ற ஊருக்கு நிறுவனத்தின் முதல் மோட்டார் வண்டி போய்ச் சேர்ந்தது. ஆலை அதற்குக் கொடுத்த பதிவு எண் 1. அன்று தொடங்கிய எண்வரிசை இந்தக் கதைக்கு மிக முக்கியமானது. கடைசியில் அதற்குத் திரும்பி வருகிறேன்.

ஸ்பீட்ஸ்டர் கட்டுபவர்கள் தேடிப்போகும் மாதிரிகளில் பெயர் பெற்றவை டைப் 75, டைப் 12 ஆகிய இரண்டும். டைப் 75 நிமிடத்துக்கு 750 அமெரிக்க காலன், அதாவது சுமார் 2,800 லிட்டர் தண்ணீரை இறைக்கக்கூடியது. டைப் 12 அதைவிடப் பெரியது. டைப் 12-இன் ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் உள்விட்டம் ஐந்தரை அங்குலம். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் ஆறு அங்குலம். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு 2.3 லிட்டருக்கும் சற்று மேல் வருகிறது. நம் சாலையில் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் டீசல் வண்டி ஒன்றின் முழு எஞ்சினே ஏறத்தாழ அவ்வளவுதான். அப்படி ஆறு சேர்ந்தால் 14 லிட்டர்.

எஞ்சினின் அமைப்பு டி-ஹெட் எனப்படுவது. சிலிண்டரின் ஒரு பக்கம் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை உள்ளே வரும் வால்வு, எதிர்ப்பக்கம் புகை வெளியேறும் வால்வு. குறுக்காக வெட்டிப் பார்த்தால் சிலிண்டரும் அதன் தலையும் சேர்ந்து ஆங்கில எழுத்து 'டி' போலத் தெரியும்; பெயர் அதனால் வந்தது. இரு பக்கமும் வால்வுகள் இருப்பதால், அவற்றைத் திறக்கும் சுழல்தண்டுகளான கேம்ஷாஃப்டுகள் இரண்டு தேவை. செலவு அதிகம். எரியறை அகலமாகப் பரந்து கிடப்பதால் கலவையை இறுக்கமாக அழுத்தவும் முடியாது. பின்னாளில் கார் ஆலைகள் இந்த அமைப்பைக் கைவிட்டதற்கு இவையே காரணம். ஆனால் 1910-களின் நிலையில் இதற்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. வால்வுகளைப் பெரிதாக வைக்கலாம். அழுத்தம் குறைவு என்பதால் மட்டமான பெட்ரோலைக் கொடுத்தாலும் கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டாது. எஞ்சின் தட்டுவதைத் தடுக்கும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்ததே 1923-இல்தான்.

அக்காலப் பந்தயக் கார்களும் இதே வழியில்தான் கட்டப்பட்டன. மெர்சர் ரேஸ்அபவுட் காரின் 4.9 லிட்டர் எஞ்சின் டி-ஹெட். ஸ்டட்ஸ் பேர்கேட்டின் 6.4 லிட்டர் எஞ்சினும் டி-ஹெட். இவை இரண்டும்தான் ஸ்பீட்ஸ்டர் என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வரும் வண்டிகள்: கதவு இல்லை, கூரை இல்லை, ஓடுவதற்குத் தேவையில்லாத எதுவும் இல்லை. தீயணைப்பு எஞ்சினின் பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்கு அந்த முகஜாடை உடனே தெரிந்துவிடும். இரண்டிரண்டாகச் சேர்த்து வார்த்த சிலிண்டர்கள், வெளியே தெரியும் பித்தளைக் குழாய்கள், இருபுறமும் வரிசையாக நிற்கும் வால்வுத் தண்டுகள். கொள்ளளவுதான் மெர்சரைப்போல மூன்று மடங்கு.

ஒரு கிளைச் செய்தி. ஸ்டட்ஸ் பேர்கேட்டை உருவாக்கிய ஹாரி ஸ்டட்ஸ், தன் பெயரில் நடந்த கார் நிறுவனத்தை விட்டு 1919-இல் வெளியேறினார். பிறகு அவர் தொடங்கிய தொழில்களில் ஒன்று இண்டியானாபொலிஸில் தீயணைப்பு வண்டி கட்டுவது. வேகக் கார் கட்டத் தெரிந்த கைக்குத் தீயணைப்பு வண்டி அந்நியமான வேலையாக இருக்கவில்லை.

ஓட்டத்தைவிடக் கடினமான வேலை

தீயணைப்பு எஞ்சின் ஏன் இவ்வளவு பெரிதாக இருந்தது என்று கேட்டால், வேகமாக ஓடத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது காரணத்தில் சிறு பகுதியே. ஊருக்குள் நடக்கும் தீவிபத்துக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடினால் போதும். உண்மையான வேலை வண்டி நின்ற பிறகு தொடங்குகிறது. கியர் மாற்றி எஞ்சினின் விசையைச் சக்கரத்திலிருந்து பம்புக்குத் திருப்புவார்கள். அதன் பிறகு மணிக்கணக்கில், முழுச் சுமையில், நகராமல் நின்ற இடத்திலேயே அது தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். எதிர்க்காற்று கிடையாது, ரேடியேட்டருக்கு அதனால் வரும் குளிர்ச்சியும் கிடையாது. அக்காலத்தில் தீக்காப்பீட்டாளர்கள் புதிய பம்பு வண்டிக்கு 12 மணி நேரச் சோதனை வைத்தார்கள். சாதாரணக் கார் எஞ்சின் ஒன்றை அப்படி ஓட்டினால் பேரிங் உருகிவிடும்.

ஆகவே வடிவமைப்பவர் வேறு விதமாகச் சிந்தித்தார். எஞ்சினை மெதுவாகச் சுழல விட வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் நிறைய வேலை வாங்க வேண்டும். நிமிடத்துக்கு 1,200 சுற்றில் 100 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால் முறுக்கு விசை சுமார் 590 நியூட்டன் மீட்டர் வருகிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு ஆறு மீட்டர்தான் நகர்கிறது. தேய்மானம் மிகக் குறைவு. தீப்பொறிக்கு இரண்டு தனித்தனி ஏற்பாடுகள்: ஒன்று எஞ்சினின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ, மற்றொன்று பேட்டரி. ஒன்று செயலிழந்தாலும் மற்றொன்று எஞ்சினை ஓட்டும். பந்தயத்தில் எஞ்சின் நின்றுபோனால் தோல்வி. தீவிபத்தில் நின்றுபோனால் ஒரு தெருவே போய்விடும்.

இந்த எஞ்சினைக் கையால் கிளப்புவதைக் கொஞ்சம் விவரித்தால் அதன் தன்மை விளங்கும். ஒவ்வொரு சிலிண்டரின் உச்சியிலும் ஒரு சிறிய பித்தளைக் கிண்ணம் இருக்கும். அதன் அடியில் திருகு. குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் அந்தத் திருகுகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி அளவு பெட்ரோலை ஊற்றி மூடுவார்கள். ஸ்டீயரிங்கில் உள்ள நெம்பைத் தள்ளித் தீப்பொறி பிந்தி விழும்படி வைப்பார்கள். இதை மறந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். சுழற்றுபவரின் மணிக்கட்டு முறியும். அதனால்தான் கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டேகால் லிட்டருக்கும் பெரிய சிலிண்டர் ஒன்றை அதன் அழுத்தத்துக்கு எதிராக மேலே தள்ள முழு உடம்பின் வலுவும் வேண்டும். முதல் வெடிப்பு கேட்டதும் வண்டி முழுவதும் ஒரு முறை சிலிர்த்து அடங்கும். மின் ஸ்டார்ட்டர் பிறகு வந்தது. ஆனாலும் கைப்பிடியை யாரும் கழற்றிவிடவில்லை.

எப்படித் தப்பின

1910-களின் பந்தயக் கார்கள் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. ஓட்டினார்கள், உடைத்தார்கள், அடுத்த ஆண்டு புதிய கார் வந்ததும் பழையதைக் கழித்துக்கட்டினார்கள். உயர்தரக் கார்களில் பலவும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. தீயணைப்பு வண்டியின் வாழ்க்கை வேறு. அது நகராட்சிச் சொத்து. கூரைக்குள், குளிர்காலத்தில் கணப்பு எரியும் அறையில் நின்றது. அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பித்தளையை மினுக்கி வைப்பது தினசரிப் பணி. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் அது ஓடிய தூரம் கொஞ்சமே. சிற்றூர்களுக்குப் புதிய வண்டி வாங்க வசதி இல்லாததால் பழையதையே இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவை ஒருவழியாக ஓய்வு பெற்றபோது வாங்க ஆளில்லை. பம்பு, ஏணி, குழாய் எல்லாம் சேர்ந்து டன் கணக்கில் எடை. நீளமோ வீட்டுக் கொட்டகையில் அடங்காது. சில வண்டிகள் பூங்காக்களில் குழந்தைகள் ஏறி விளையாட நிறுத்தப்பட்டு மழையில் துருப்பிடித்தன. சிலவற்றின் பம்பையும் பித்தளையையும் தனியாகக் கழற்றி விற்றார்கள். மிஞ்சியது சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டமும், எஞ்சினும், சக்கரங்களும். பந்தயக் கார் கனவோடு இருந்தவர்களின் கண்ணில் பட்டது அந்த மிச்சம்தான். அசல் மெர்சரையோ ஸ்டட்ஸையோ வாங்கக் கோடீஸ்வரராக இருக்க வேண்டும். அதே காலத்து, அதே குணமுள்ள, இரண்டு மூன்று மடங்கு பெரிய எஞ்சின் ஒன்று கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்தது.

அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் மட்டுமே இப்படி மாறியது என்று சொல்ல முடியாது. கொலம்பஸ் நகரத்தின் சீக்ரேவ் வண்டிகளும் மாற்றப்பட்டிருக்கின்றன. சின்சினாட்டியின் ஆரென்ஸ்-ஃபாக்ஸ் வண்டிக்குப் புகழ் அதிகம் என்றாலும், ரேடியேட்டருக்கு முன்னால் துருத்தி நிற்கும் அதன் பம்புதான் வண்டிக்கே அடையாளம். அதைக் கழற்றினால் பிறகு ஆரென்ஸ்-ஃபாக்ஸ் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. லாஃப்ரான்ஸ் எண்ணிக்கையிலும் அதிகம். அதன் பானெட்டும் ரேடியேட்டரும் ஏற்கெனவே பந்தயக் கார் சாயலில் இருந்தன.

பட்டறையில் நடப்பது

முதல் வேலை இறக்குவது. பம்பு, குழாய்ப் படுக்கை, ஏணிச் சட்டம், ரசாயனத் தொட்டி எல்லாம் போனால் சேஸிஸ் மொட்டையாக நிற்கும். அடுத்து நீளத்தைக் குறைப்பது. சங்கிலி வண்டியில் இது மற்ற வண்டிகளைவிட எளிது. கியர்பெட்டியிலிருந்து பின்அச்சுக்கு நீண்ட தண்டு எதுவும் கிடையாது. வண்டியின் நடுப்பகுதியில் குறுக்காக ஒரு தண்டு; அதன் இரு முனைகளிலும் பல்சக்கரம்; அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் சங்கிலி. பின்அச்சை முன்னால் நகர்த்தினால் சங்கிலியில் சில கண்ணிகளைக் கழற்றி, அச்சைத் தாங்கும் தாங்குகோலை அதற்கேற்பச் சுருக்கினால் போதும். நடுவில் வெட்டி ஒட்டுவதும் உண்டு. அப்படிச் செய்தால் கிளட்சுக்கும் கியர்பெட்டிக்கும் இடையிலுள்ள தண்டையும் சுருக்க வேண்டும். நூறு ஆண்டு பழைய இரும்புச் சட்டத்தை வெட்டி வெல்டிங் வைப்பதைவிட, அச்சை நகர்த்தி ரிவெட் அடித்து முடிப்பதே நல்ல வேலை என்பது என் எண்ணம். ரிவெட்டைப் பிற்காலத்தில் கழற்றிவிடலாம். வெட்டிய சட்டம் பழையபடி ஆகாது.

பிறகு ஓட்டுநரின் இடம். தீயணைப்பு வண்டியில் அவர் உயரத்தில், பானெட்டை ஒட்டி, நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டீயரிங் தண்டு ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நின்றது. ஸ்பீட்ஸ்டரில் தண்டைச் சாய்த்து, இருக்கையைப் பின்அச்சுக்கு அருகில் தாழ்வாக வைக்கிறார்கள். இந்த ஒரே மாற்றம் பார்வைக்கு மொத்த வண்டியையும் மாற்றிவிடுகிறது. பானெட் உண்மையில் நீளவில்லை. ஆள் பின்னால் போனதால் நீண்டதுபோலத் தெரிகிறது.

வேகத்துக்கான ரகசியம் எஞ்சினில் இல்லை. அதைத் தொடாமலே வேகத்தைக் கூட்டலாம். ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு: சக்கரத்தின் விட்டம் 38 அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்கு வண்டி மூன்று மீட்டர் சொச்சம் நகரும். எஞ்சின் மூன்று முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்ற விகிதத்தில், 1,200 சுற்றில் வண்டி மணிக்குச் சுமார் 73 கி.மீ. வேகத்தில் போகும். முன்பக்கப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கியோ, பின்பக்கத்ததைச் சிறிதாக்கியோ அந்த விகிதத்தை இரண்டுக்கு ஒன்று என்று மாற்றினால் அதே 1,200 சுற்றில் 109 கி.மீ. கிடைக்கும். லேத் பட்டறையில் இரண்டு பல்சக்கரங்களைக் கடைந்துகொண்டு வந்தால் முடிகிற வேலை. இழுவை குறையும்தான், ஆனால் இழுக்க வேண்டிய பம்பும் ஏணியும் இப்போது இல்லை. எஞ்சினுக்கு இந்தச் சுமை ஒரு பொருட்டே அல்ல.

பிரேக்கின் கதை வேறு. அதைப் பற்றி ஒவ்வொரு ஸ்பீட்ஸ்டர் கட்டுபவரிடமும் உரக்கச் சொல்ல வேண்டும். அக்கால வண்டிகளில் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக். வேகம் 73-லிருந்து 109 ஆனால் ஒன்றரை மடங்கு. ஆனால் நிறுத்தும்போது வெப்பமாகக் கரைக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. அதோடு இன்னொன்றும் சேர்கிறது. பிரேக் போடும்போது எந்த வண்டியிலும் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. பின்பகுதியில் குழாயும் ஏணியும் இருந்தவரை அவற்றின் பாரம் அந்தச் சக்கரங்களைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. இப்போது அந்தப் பாரமும் போய்விட்டது. ஆக, அதிக வேகத்தில் போகும் வண்டிக்குக் குறைந்த பிடிமானமுள்ள சக்கரத்தில் பிரேக். மர ஆரங்கள் கொண்ட சக்கரங்களின் நிலையையும் இதே நோக்கில் பார்க்க வேண்டும். அவை கெட்டி ரப்பர் டயரோடு மெதுவாக ஓடச் செய்தவை. வறண்டு சுருங்கிய மரத்தில் மூட்டுகள் ஆடும். புதிய மரம், காற்றடைத்த டயர், பெரிய பிரேக் டிரம் என்ற மூன்றுக்கும் செலவு செய்யாமல் பல்சக்கரத்தை மட்டும் மாற்றுபவர் ஆபத்தைத் தன் கையாலேயே கடைந்து பொருத்துகிறார்.

பந்தயக் கார் என்று சொல்லலாமா

சில விற்பனை விளம்பரங்கள் இந்த வண்டிகளை வாசகர் பந்தய வரலாறு உள்ளவை என்று எண்ணும்படி எழுதப்படுகின்றன. எனக்கு உடன்பாடில்லாத இடம் இது. ஒரே ஒரு விதியைச் சொன்னால் போதும். 1911-இல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் எஞ்சின் கொள்ளளவுக்கு 600 கன அங்குலம், அதாவது 9.8 லிட்டர் என்று உச்சவரம்பு இருந்தது. டைப் 12-இன் ஆறு சிலிண்டர்களும் சேர்ந்து 855 கன அங்குலம். அது வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்கும். இரண்டே ஆண்டுகளில், 1913-இல், அந்த வரம்பு 450 கன அங்குலமாகவும் குறைந்தது. சவானாவில் ஃபியட் எஸ்-74 வென்றது பெரிய எஞ்சின்களின் அந்திக்காலத்தில். சிறிய எஞ்சினை வேகமாகச் சுழற்றும் கலையை அடுத்த தலைமுறை கற்றுக்கொண்டுவிட்டது. ராட்சத எஞ்சின், சங்கிலி, டி-ஹெட் என்ற மரபு பந்தயத்தில் செத்துப்போனது. தீயணைப்பு நிலையத்தில் மட்டும் 1920-களிலும் உயிரோடு இருந்தது. பந்தயப் பொறியாளர்கள் விட்டுச்சென்ற மரபைத் தீயணைப்பு வீரர்கள் அடைகாத்தார்கள் என்றே நான் பார்க்கிறேன். இந்த உண்மை விளம்பரத்தில் எழுதும் எந்தக் கற்பனைப் பந்தயத்தைவிடவும் அழகானது.

அந்த எலும்புக்கூடு எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஜெர்மனியின் சின்ஸ்ஹைம் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் உள்ள 'புரூட்டஸ்' ஒரு சாட்சி. பழைய அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் சேஸிஸில் பி.எம்.டபிள்யூ. ஆறாம் வகை விமான எஞ்சினைப் பொருத்தியிருக்கிறார்கள். பன்னிரண்டு சிலிண்டர், ஏறத்தாழ 47 லிட்டர். விசை போவது அதிலும் சங்கிலி வழியாகத்தான். அதை ஸ்பீட்ஸ்டர் என்பதா, ஓடும் சோதனைச்சாலை என்பதா என்று விவாதிக்கலாம். தண்ணீர்ப் பம்பைச் சுமக்கச் செய்த சட்டம் அந்த முறுக்கையும் தாங்கி நிற்கிறது என்பதில் விவாதம் இல்லை. 1907-இன் பீகிங்–பாரிஸ் ஓட்டத்தின் நினைவாக அண்மைக் காலத்தில் நடத்தப்படும் நெடுந்தூர ராலிகளிலும் அமெரிக்கன் லாஃப்ரான்ஸ்கள் ஓடியிருக்கின்றன. மங்கோலியாவின் பாதையில்லாப் புல்வெளியில் ஒரு தீயணைப்பு எஞ்சின் ஓடுகிறது என்பதை எல்மைராவின் தொழிலாளர்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது

பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு ட்யூரின் சாசனம் என்ற ஒன்றை வைத்திருக்கிறது. ஒரு வண்டியின் வரலாற்றில் நேர்ந்த மாற்றங்களும் அதன் வரலாறே. புதிதாக எதையாவது மாற்றினால் அதைப் பதிவு செய், அசலோடு குழம்பாதபடி செய் என்பது அதன் சாரம். தீயணைப்பு வண்டிகளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் என் தீர்ப்பு எளிதாகவே வருகிறது. பூங்காவில் துருப்பிடித்து, பம்பு போய், பித்தளை போய், சேஸிஸும் எஞ்சினும் மட்டும் மிஞ்சிய வண்டியை ஸ்பீட்ஸ்டர் ஆக்குவது அதற்கு இரண்டாம் பிறவி கொடுப்பது. அதைச் செய்பவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். பம்பும், ஏணியும், மணியும், பக்கவாட்டில் தங்க நிறத்தில் எழுதிய ஊர்ப் பெயரும் அப்படியே இருக்கும் முழு வண்டியை, அதன் எஞ்சின் 14 லிட்டர் என்ற ஒரே காரணத்துக்காக அறுப்பது கொலை. அப்படி அறுபட்டவையும் இருக்கின்றன. ஸ்பீட்ஸ்டருக்கு நல்ல விலை கிடைக்கிறது. முழுத் தீயணைப்பு வண்டியை நிறுத்தவே இடம் கிடைப்பதில்லை. சந்தையின் இந்த அழுத்தம்தான் ரம்பத்தை எடுக்க வைக்கிறது. ஒரு ஊர் தன் மக்களிடம் வரி வாங்கிச் சேர்த்த பணத்தில், தன் வீடுகள் எரியாமல் இருக்க வாங்கிய வண்டி அது. அந்த ஊர்ப் பெயரின்மீது பெயின்ட் அடிக்க எவருக்கும் உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மாற்றியவர்களில் நல்லவர்கள் இதை உணர்ந்தே செய்கிறார்கள். கழற்றிய பம்பை விற்காமல் எண்ணெய் பூசி வைத்திருப்பார்கள். ஸ்பீட்ஸ்டரின் முகப்பில் பழைய மணியைப் பொருத்தியிருப்பார்கள். சேஸிஸின் ஓரத்தில் ஏணிக் கொக்கிகள் முடுக்கப்பட்டிருந்த துளைகளை அடைக்காமல் விட்டிருப்பார்கள்; தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியும். நான் இப்படிப்பட்ட வண்டி ஒன்றை மதிப்பிட வேண்டியிருந்தால் முதலில் தேடுவது அந்தத் துளைகளைத்தான். இரண்டாவதாக, பதிவு எண் பொறித்த தகடு. லெனாக்ஸ் ஊரின் 1-ஆம் எண்ணிலிருந்து தொடங்கிய அந்த வரிசையில் எந்த எண் எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்று ஆலை பதிந்து வைத்தது. எண் தெரிந்தால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் அங்குள்ள பழைய நாளிதழ்களில் அந்த வண்டி எந்தெந்தத் தீக்கு ஓடியது என்று தேடலாம். வண்டியை வாங்கிய நாளன்று தீயணைப்பு வீரர்கள் அதன்மேல் வரிசையாக ஏறி நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் ஊர் நூலகத்தில் கிடைத்தாலும் கிடைக்கும். அதை ஒரு பிரதி எடுத்து, இருக்கைக்கு அடியில் உள்ள கருவிப் பெட்டியின் மூடியின் உட்பக்கம் ஒட்டி வைக்க வேண்டும்.